தங்க ரேக்கு என்று பித்தளை ரேக்கை விற்கிறார்கள்: தஞ்சாவூர் ஓவியம் செய்பவர்கள் கவனத்துக்கு

நவராத்திரிக்கும் தீபாவளிக்கும் வீட்டிலேயே தஞ்சாவூர் ஓவியம் செய்து பரிசாகக் கொடுப்பவர்களும், ஆர்டர் எடுத்துச் செய்து தருபவர்களும், இணையத்தில் தங்க ரேக்கு (ஓவியத்தில் ஒட்டும் மெல்லிய தங்கத் தாள்) வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். '22 காரட் அசல் தங்கம்' என்று சான்றிதழோடு எனக்கு வந்த ரேக்குக் கட்டின் மேலே இருந்த சில தாள்கள் மட்டுமே தங்கம். அடியில் இருந்தவை செம்பும் துத்தநாகமும் கலந்த பித்தளை. இது எனக்குத் தெரியவந்தபோது படங்கள் சட்டம் போடப்பட்டு, ஊர் ஊராகப் போய்ச் சுவரில் மாட்டப்பட்டிருந்தன.

கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. விவகாரம் நுகர்வோர் ஆணையத்தில் இருக்கிறது. பெயரைச் சொன்னாலும் பெரிய பயன் இல்லை. அதே புகைப்படங்களோடு வேறு பெயரில் இன்னொரு பக்கம் ஏற்கெனவே முளைத்துவிட்டது. பெயரைவிட அவர்கள் செய்யும் முறையைத் தெரிந்துகொள்வதுதான் முக்கியம்.

நான் திருச்சிக்காரி. முறையாகக் கற்றுக்கொண்டு பல ஆண்டுகளாக வீட்டில் வைத்துச் செய்கிறேன். தவழும் கண்ணன், கஜலட்சுமி, பிள்ளையார் என்று கைக்கு அடக்கமான சிறிய படங்கள். தலைதீபாவளிக்குச் சம்பந்தி வீட்டுக்குக் கொடுப்பதற்கென்றே வாங்குபவர்கள் உண்டு. வழக்கமாக ரேக்கு வாங்கும் கடைக்காரர் உடல்நலம் குன்றித் தொழிலை நிறுத்திவிட்டதால் இணையத்தில் தேட வேண்டி வந்தது.

இந்த இடத்தில்தான் அவர்களுடைய சாமர்த்தியம். விலையை அடிமாட்டு விலையாக வைத்திருந்தால் யாருக்கும் சந்தேகம் வரும். அவர்கள் சந்தை விலையைவிடக் கொஞ்சம்தான் குறைத்திருந்தார்கள்; பண்டிகைத் தள்ளுபடி என்று நம்பும் அளவுக்கு. முதலில் மாதிரிக்குச் சில தாள்கள் மட்டும் வாங்கினேன். டச் பார்க்கும் கடையில், அதாவது தங்கத்தின் தரத்தைச் சோதிக்கும் கடையில், கொடுத்துச் சோதித்தேன். நல்ல தங்கம். அதன் பிறகுதான் பண்டிகைக்கு வேண்டிய மொத்தக் கட்டையும் முன்பணம் கட்டி வரவழைத்தேன். கட்டைப் பிரித்து மேலே இருந்த தாளை மீண்டும் பார்த்தேன்; அதுவும் தங்கம்தான். கறிகாய்க் கூடையில் நல்ல தக்காளியை மேலே அடுக்கும் வித்தையை, காற்றில் பறக்கும் ரேக்கில் செய்வார்கள் என்று யார் நினைப்பார்கள்?

தஞ்சாவூர் ஓவிய வேலை தெரியாதவர்களுக்காக ஒரு விளக்கம். இதில் தங்கம் கடைசியாகப் பூசும் மினுக்கு அல்ல. பலகையின் மேல் துணி ஒட்டி, சுண்ணப்பொடியும் பசையும் கலந்து பூசித் தேய்த்து, கோடு வரைந்து, கற்களைப் பதித்து, 'மக்கு' என்னும் குழைவை வைத்து நகையையும் மண்டபத்தையும் திருவாசியையும் புடைப்பாக எழுப்புவோம். அது காய்ந்த பிறகு ரேக்கை ஒட்டி, புடைப்பின் ஒவ்வொரு மேடு பள்ளத்திலும் அழுத்தி, கல்லின் மேல் இருக்கும் பகுதியை வெட்டி எடுப்போம். வண்ணம் தீட்டுவது அதன் பின்னர்தான். அதாவது, ரேக்கு கெட்டுவிட்டால் மேலாக உரித்துவிட்டுப் புதிதாக ஒட்ட முடியாது. மக்கு பெயர்ந்து வரும், கல் கழன்று விழும், ஓரத்து வண்ணம் போய்விடும். மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டியதுதான். ரேக்கின் விலையைத் திருப்பித் தந்தாலும் ஈடாகாத நஷ்டம் இது.

கார்த்திகை முடிவதற்குள் முதல் தொலைபேசி வந்தது. என் பெரியம்மா மகளின் சம்பந்தி வீட்டிலிருந்து. "கண்ணனுக்கு இடுப்புச் சங்கிலி மட்டும் கறுத்திருக்கிறது, விளக்குப் புகையாக இருக்குமோ?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்கள். பரிசாக வந்த பொருளைக் குறை சொல்ல யாருக்கும் கூச்சம்தானே. நானும் புகைப்படம் எடுத்து அனுப்பச் சொல்லிப் பார்த்தேன். புகை படிந்தால் கண்ணாடிக்கு வெளியே படியும். உள்ளே, அதுவும் புடைப்பின் ஓரங்களில் மட்டும் பழுப்பு ஏறாது. அடுத்து வேறொரு வீட்டிலிருந்து கஜலட்சுமியின் மண்டபம். அதில் பச்சைப் புள்ளிகளே தெரிந்தன. செம்பில் களிம்பு ஏறுவதைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பச்சை என்னவென்று சொல்ல வேண்டியதில்லை.

பித்தளை ரேக்கு முதலில் தங்கத்தை விடவும் பளபளக்கும். காற்றின் ஈரமும், கந்தகச் சேர்மங்களும், பசையில் உள்ள நீரும், ஒட்டும்போது விரலில் இருந்து படியும் வியர்வை உப்பும் சேர்ந்து மெல்ல மெல்ல அதைக் கறுக்க வைக்கும். மேலே வார்னிஷ் பூசியிருந்தால் இன்னும் சிறிது காலம் தாக்குப்பிடிக்கும், அவ்வளவே. 22 காரட் என்றால் நூற்றுக்கு 91.6 பங்கு தங்கம். அதற்கு இந்தக் கதி வராது. மராட்டியர் ஆட்சியில், குறிப்பாக 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி காலத்தில் செழித்த கலை இது. பழைய ஓவியங்களில் பலகை உளுத்திருக்கும், வண்ணம் மங்கியிருக்கும். தங்கம் மட்டும் அப்படியே இருக்கும்.

ஒட்டாமல் மிச்சம் இருந்த தாள்களை எடுத்துக்கொண்டு பெரிய கடைவீதிக்குப் போனேன். ஊடுகதிர் (எக்ஸ்-ரே) இயந்திரத்தில் வைத்த உடனேயே திரையில் செம்பும் துத்தநாகமும்தான் வந்தன. தங்கம் என்ற வரியே இல்லை. சோதித்தவர் பெரியவர்; சிரித்துக்கொண்டே, "அம்மா, இதற்கு உரைகல்லே போதும், இயந்திரத்துக்கு ஏன் காசைக் கொடுத்தீர்கள்?" என்றார். எழுத்தில் அறிக்கை வேண்டும் என்றுதான் இயந்திரத்துக்குப் போனேன். பிறகு அது மிகவும் உதவியது.

விற்றவர் முதலில் மிகவும் பணிவாகப் பேசினார். "மேடம், நீங்கள் எந்தப் பசை போடுகிறீர்கள்? பசை சரியில்லை என்றால் தங்கம் கறுக்கும்." பசை பட்டுக் கறுக்கும் தங்கத்தை நான் இதுவரை கண்டதில்லை என்றேன். அடுத்து ஈரப்பதம். அடுத்து, வாங்கியவர்கள் ஊதுவத்தி ஏற்றுகிறார்கள் என்றார். அறிக்கையை அனுப்பியதும் பணிவு போய்விட்டது. "பார்சலைப் பிரிக்கும்போது வீடியோ எடுத்தீர்களா? எடுத்திருந்தால் அனுப்புங்கள். ஏழு நாள் கெடுவும் முடிந்துவிட்டது" என்றார். அதன் பிறகு என் எண்ணைத் தடுத்துவிட்டார்.

கவனியுங்கள், மோசடியின் உயிர்நாடியே அந்த ஏழு நாள்தான். உடைந்த கண்ணாடியையும் கிழிந்த புடவையையும் அன்றே கண்டுபிடித்துவிடலாம். பித்தளை கறுக்க வாரங்கள் ஆகும். பண்டிகைக்கு வாங்குபவர்கள் வந்த உடனே ஒட்டி, வண்ணம் தீட்டி, கொடுத்துவிடுவார்கள். கறுக்கும்போது கெடு முடிந்திருக்கும்; பொருளும் வாங்கியவர் கையில் இருக்காது. பிரிக்கும் வீடியோவில் எது தெரியும்? தங்கம் போலவே மினுங்கும் தாள்தான் தெரியும்.

ஆகவே சோதனையை ஒட்டுவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும், அதுவும் மேல்தாளில் மட்டும் அல்ல. கட்டின் நடுவிலிருந்தும் அடியிலிருந்தும் நகக்கண் அளவு கிள்ளி எடுங்கள். ஒரு கிண்ணத்தில் கொஞ்சம் வினிகர், அதில் ஒரு சிட்டிகை உப்பு. துண்டுகளை அதில் நனைத்து, மூடி, இரவு முழுக்க விட்டுவிடுங்கள். பித்தளையாக இருந்தால் காலையில் நிறம் மாறிப் பச்சை ஓடியிருக்கும். தங்கம் மாறாது. இன்னும் மட்டமான ரகமும் இருக்கிறது, பிளாஸ்டிக் ஏட்டில் பொன்னிறம் ஏற்றியது. அதைத் தீக்குச்சி அருகில் கொண்டுபோனாலே சுருண்டு உருகிவிடும். பெரிய ஆர்டர் என்றால் இந்த வீட்டுச் சோதனையோடு நிற்காமல் டச் பார்க்கும் கடைக்குப் போய்விடுங்கள். செலவு சொற்பம். நகையில் பார்க்கிற ஹால்மார்க் முத்திரையை ரேக்கில் எதிர்பார்க்க முடியாது என்பதால், பெட்டியில் வரும் வண்ண வண்ணச் சான்றிதழை நம்ப வேண்டாம். அதை அச்சிட ஒரு கணினியும் பிரிண்டரும் போதும்.

'புவிசார் குறியீடு பெற்றது' என்று அட்டையில் போட்டிருந்ததும் என்னைப் போன்றவர்களை மடக்கத்தான். தஞ்சாவூர் ஓவியத்துக்குப் புவிசார் குறியீடு உண்டு, உண்மைதான். அது ஓவியத்துக்கு, எவரோ பொட்டலம் கட்டி விற்கும் ரேக்குக்கு அல்ல. படம் செய்யத் தெரியாதவர்கள் பரிசுக்கு முடிந்த படமாகவே வாங்குவதானால், அரசின் பூம்புகார் விற்பனை நிலையத்திலோ, வீட்டுக்கே போய் வேலையைப் பார்க்கக்கூடிய கலைஞரிடமோ வாங்குங்கள். என்ன ரேக்கு என்பதை ரசீதில் எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுப்பவரிடம் அதற்கு மேல் பேச ஒன்றும் இல்லை.

ஏமாந்துவிட்டவர்களுக்கு: மிச்சம் உள்ள தாள்களை ஒட்டித் தீர்த்துவிடாதீர்கள், தூக்கியும் எறியாதீர்கள். உறையோடு பத்திரப்படுத்துங்கள். வேண்டுமானால் ஆணையமே பொருளை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பிச் சோதிக்கச் சொல்லும். பணம் கட்டிய விவரம், கூரியர் சீட்டு, உரையாடல், விளம்பரத்தில் '22 காரட்' என்று போட்ட பக்கத்தின் படம் எல்லாம் வேண்டும். அவர்கள் அழிப்பதற்கு முன் எடுத்துவைத்துவிடுங்கள். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்யுங்கள். பொருளே அனுப்பாமல் பணத்தை மட்டும் சுருட்டியிருந்தால் அது இணையக் குற்றம். 1930-ஐ உடனே அழையுங்கள், தாமதிக்கத் தாமதிக்கப் பணத்தை முடக்குவது கடினம்.

என்னிடம் விற்றவர் வக்கீல் மூலம் ஒரு கடிதம் அனுப்பினார். நான் வியாபாரத்துக்காக வாங்கியதால் நுகர்வோரே அல்ல என்றது அது. படித்ததும் பலர் பயந்து பின்வாங்கிவிடுவார்கள், அதற்காகத்தான் அனுப்புகிறார்கள். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், சுயதொழில் மூலம் தன் பிழைப்புக்காக மட்டுமே பொருள் வாங்கிப் பயன்படுத்துபவரையும் நுகர்வோராகவே கொள்கிறது. வீட்டில் உட்கார்ந்து கையால் படம் செய்து விற்பவருக்கு அந்த விளக்கம் அப்படியே பொருந்தும். கடை எந்த மாநிலத்தில் இருந்தாலும், நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது. வழக்குக்குக் காரணம் எழுந்ததிலிருந்து 2 ஆண்டு அவகாசம் உண்டு. அந்த ஏழு நாள் கெடு அவர்கள் வைத்துக்கொண்ட கணக்கு, சட்டத்தின் கணக்கு அல்ல.

என்னிடம் படம் வாங்கிய எல்லோருக்கும் மாற்றுப் படம் செய்து கொடுத்துக்கொண்டிருக்கிறேன். ரேக்கு இப்போது தஞ்சாவூருக்கே நேரில் போய் வாங்கிவருகிறேன். ரேக்கின் விலை, மறுபடி செய்ததற்கான செலவு, மன உளைச்சலுக்கு இழப்பீடு ஆகியவற்றோடு, புகாரில் இன்னொன்றும் கேட்டிருக்கிறேன். கட்டு வந்த புதிதில் நான் செய்த தவழும் கண்ணனின் புகைப்படத்தை, 'எங்கள் ரேக்கில் வாடிக்கையாளரின் கைவண்ணம்' என்று போட்டு இன்றைக்கும் விற்றுக்கொண்டிருக்கிறார்கள். அதை எடுக்க உத்தரவிட வேண்டும். சம்பந்தி வீட்டிலிருந்து திரும்பி வந்த, இடுப்புச் சங்கிலி கறுத்த படம் அதேதான்.