தமிழ்க் கிறிஸ்தவ வானொலி ஆப்: இரண்டு வருஷம் கேட்டேன், இப்போது எடுத்துவிட்டேன் (5க்கு 2)

பர்மாவில், யாங்கோனில் (பழைய ரங்கூன்) எங்கள் தமிழ்ச் சபையில்தான் எனக்கு ஞானஸ்நானம், அங்கேதான் கல்யாணம், இன்றைக்கும் ஞாயிறு ஆராதனை தவறாமல் போகிறவள் நான். அதனால் விசுவாசத்தில் பிடிப்பு இல்லாதவள் எழுதுகிறாள் என்று நினைத்துவிடாதீர்கள். ஆப்பின் பெயரைச் சொல்லப் போவதில்லை. இதே மாதிரி நிறைய இருக்கின்றன, நான் கேட்ட ஒன்றை மட்டும் இழுத்துவைப்பது சரியில்லை.

நல்லது முதலில். நெட் மெதுவாக இருந்தாலும் பாட்டு அறுந்துபோகாமல் ஓடும், கரண்ட் இல்லாத நேரத்திலும் போனில் சார்ஜ் இருந்தால் போதும். இந்தியாவை விட எங்களுக்கு ஒரு மணி நேரம் முன்னே என்பதால், அவர்களுடைய அதிகாலை 5 மணிக் கீர்த்தனைகள் எங்களுக்குச் சரியாக 6 மணிக்கு வரும். போனை எவர்சில்வர் டம்ளருக்குள் நிறுத்திவைத்தால் சமையல்கட்டு முழுக்கக் கேட்கும். என் பாட்டி பாடிய பழைய பாட்டுகளை அப்படித்தான் திரும்பக் கேட்டேன். என் பிள்ளைகள் பைபிளைப் பர்மிய மொழியில்தான் படிக்கிறார்கள், அவர்கள் காதில் நல்ல தமிழ் விழுந்ததே பெரிய காரியம். அந்த ஒரு மணி நேரத்துக்குத்தான் இரண்டு நட்சத்திரம்.

ஏழு மணிக்குப் பிறகு வேறு ஆள் வந்தது போல மாறிவிடும். பிரசங்கம், ஜெபத்துக்குப் பலன் கிடைத்தது என்ற சாட்சி, திரும்பப் பிரசங்கம், திரும்பச் சாட்சி. கடன் தீர்ந்தது, வேலை கிடைத்தது, கட்டி கரைந்தது. சாட்சி சொல்கிறவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நான் சொல்லவே இல்லை. ஆனால் இரண்டு வருஷத்தில் ஒருவர்கூட "ஜெபித்தேன், இன்னும் கிடைக்கவில்லை, காத்திருக்கிறேன்" என்று சொல்லி நான் கேட்கவில்லை. எங்கள் சபையில் பாதிப் பேர் அந்த நிலைமையில்தான் இருக்கிறோம். அப்புறம் அந்த விதைக் காணிக்கை, பங்காளர் திட்டம், அதாவது பணம் அனுப்பினால் ஆசீர்வாதம் விளையும் என்று கேட்கிற காணிக்கை. இங்கிருந்து இந்தியாவுக்குப் பணம் அனுப்புவதே பெரும்பாடு, அனுப்பாவிட்டால் ஆசீர்வாதம் தள்ளிப்போகுமோ என்ற பயத்தை என் மாமியார் மனசில் போட்டுவிட்டார்கள். அதை எடுக்க எனக்கு மாசக்கணக்கு ஆனது.

நான் ஆப்பைப் போனிலிருந்து எடுத்துவிட்டது நிலநடுக்கத்தின்போது. 2025 மார்ச் 28, வெள்ளிக்கிழமை, மதியம் ஒரு மணியை நெருங்கும் நேரம். 7.7 அளவு. யாங்கோனில் எங்களுக்கு ஆட்டம்தான், வடக்கே மண்டலே நகரில் கட்டடம் கட்டடமாக விழுந்தது. என் அக்கா மகன் அங்கே வேலை பார்த்தான். போன் போகவில்லை. அன்று ராத்திரி தனியாக இருக்க முடியாமல் வானொலியைப் போட்டேன். துள்ளல் பாட்டு ஒன்று, முடிந்ததும் தொகுப்பாளர் சிரித்த குரலில், இன்று உங்கள் வீட்டில் அழுகைச் சத்தம் கேட்காது, ஆர்ப்பரியுங்கள் என்றார். அவருக்கு எங்களைத் தெரியாது, எப்போதோ பதிவு செய்ததாகக்கூட இருக்கலாம், அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் என் விரல் அணைத்துவிட்டது. இயேசுவின் பாடுகளை நினைக்கிற லெந்து நாட்கள் (தவக்காலம்) வேறு. வருஷத்தில் அந்த நாற்பது நாளாவது பாட்டு தணியக் கூடாதா?

ஞாயிறு சபைக்குப் போனேன். மூப்பர் ஒருவர் ஜெபிக்க எழுந்தார். "ஆண்டவரே, மண்டலேயிலே..." என்று ஆரம்பித்தவருக்கு அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. நின்றுகொண்டே இருந்தார். யாரும் பாட்டு எடுத்து அதை மூடப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் இருந்த பாட்டி குனிந்து தன் முந்தானையை என் கையில் கொடுத்தார், துடைத்துக்கொள் என்று. எனக்கு வேண்டியிருந்தது அதுதான். வானொலியால் அப்படிச் சும்மா இருக்க முடியாது, பத்து விநாடி சத்தம் வராவிட்டால் கேட்கிறவன் ஏதோ கோளாறு என்று மாற்றிவிடுவான்.

(அக்கா மகன் திங்கட்கிழமை பேசினான். உயிரோடு இருந்தான். அவனோடு அறையில் இருந்த பையன் இல்லை.)

பைபிள் முழுவதையும் பர்மிய மொழிக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்க மிஷனரி அதோனிராம் ஜட்சன். 1813-இல் ரங்கூனில் இறங்கினார், அந்த மொழிபெயர்ப்பை 1834-இல் முடித்தார். நடுவில் 1826-இல் மனைவி இறந்தார், ஆறு மாசத்தில் குழந்தையும். மௌல்மேன் பக்கம் காட்டுக்குள் குடிசை போட்டுத் தனியே இருந்து, தனக்கே ஒரு கல்லறைக் குழி வெட்டி அதன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார் அந்த மனுஷர். கடவுளை நம்புகிறேன், ஆனால் அவரைக் காணமுடியவில்லை என்று எழுதினார். என் பிள்ளைகள் கையில் இருப்பது அவர் மொழிபெயர்ப்பு. அப்படிப்பட்டவர் இன்று அந்த வானொலிக்குப் போனால் எந்த நிகழ்ச்சியில் இடம் கொடுப்பார்கள்? பைபிளின் சங்கீதப் புத்தகத்தில் மூன்றில் ஒரு பங்கு போலப் புலம்பல்தான். 88-ஆம் சங்கீதத்தில் கடைசி வரி வரைக்கும் ஆறுதலே வராது, அதையும் வேதம் என்றுதான் வைத்திருக்கிறோம். அந்த வானொலியில் அதை ஒரு தடவைகூட வாசித்து நான் கேட்டதில்லை.

அந்த அதிகாலைக் கீர்த்தனை நேரத்தை மட்டும் தனியாகக் கேட்க வழி செய்யும் ஆப் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள், மாமியார் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.