மதுரையில் கிளை கழிக்கும் சேவை: கை நேர்த்தி, காலம் தப்பு

கண்மாய்க்கரைப் புளி, தூங்குமூஞ்சி மரங்களுக்குக் கிளை கழிக்கும் குழு. வெட்டில் குறையில்லை: அடிமரத்திலிருந்து ஓரடி தள்ளி, கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு அறுத்து, பிறகுதான் மேலிருந்து வெட்டுகிறார்கள், பட்டை கிழிவதில்லை.

ஆனால் ஜனவரியில் வந்து வெட்டுவது பெரிய தப்பு. வடகிழக்குப் பருவமழையை ஒட்டித்தான் இங்கே கொக்கும் வக்காவும் நீர்க்காகமும் பெரும்பாலும் கூடு கட்டும். முட்டை பொரிய மூன்று வாரத்துக்கு மேல், குஞ்சு பறக்க இன்னும் ஐந்தாறு வாரம். கூடு இருப்பது நுனிக் கவட்டையில். பக்கத்துக் கிளையை மட்டும் எடுத்தாலும் நிழல் போய்க் குஞ்சு வெயிலில் துவண்டுவிடும், காக்கையும் கண்டுகொள்ளும். மரத்தடியில் வெள்ளை எச்சமும் வெளிர்நீல ஓட்டுத் துண்டும் கிடந்தால் மேலே குஞ்சு இருக்கிறது, ரம்பம் வைக்கவே கூடாது.

கூடு காலியான ஜூன், ஜூலையில் கூப்பிடுங்கள். கவட்டைகளை விட்டுவைக்கச் சொல்லுங்கள்.