ஸ்மித் அண்ட் வெசன் வரலாற்றுக் கடிதம்: காசுக்குத் தகுமா?

பழைய ஸ்மித் அண்ட் வெசன் ரிவால்வருக்கு, அந்நிறுவனத்தின் வரலாற்று அறக்கட்டளை கட்டணம் வாங்கிக்கொண்டு தரும் கடிதம் சேகரிப்பாளருக்குத் தாராளமாகத் தகும். எப்போது, யாருக்கு அனுப்பினார்கள், பேரல் நீளம், பூச்சு எல்லாம் தொழிற்சாலைப் பதிவேட்டிலிருந்து வரும். ஆனால் அது அனுப்பிய தேதி. செய்த தேதி அல்ல. துப்பாக்கிகளின் வரிசை எண் ஒழுங்குப்படி அவர்கள் அனுப்பியதும் இல்லை.

விண்ணப்பத்தில் பலர் சறுக்குவது இந்த வரிசை எண்ணில்தான். குண்டில்லை என்று உறுதிசெய்துகொண்டு பிடியின் அடியில் பாருங்கள். பெரிய மரப்பிடி மறைத்தால் கழற்றுங்கள். சிலிண்டரைத் திறந்ததும் யோக் பகுதியில் (சிலிண்டரைத் தாங்கி வெளியே திறக்கும் கை) கண்ணில் படுவது பெரும்பாலும் பாகம் பொருத்தும்போது இட்ட எண். அதை எழுதி அனுப்பினால் வேறு துப்பாக்கியின் கதைதான் வரும். அங்கேயே இருக்கக்கூடிய மாடல் எண்ணும் வரிசை எண் அல்ல; அந்த முத்திரை 1957இல்தான் தொடங்கியது. இரண்டாம் உலகப் போருக்கு முந்தையவற்றில் பேரலின் அடியிலும் சிலிண்டரின் பின்முகத்திலும் அதே வரிசை எண் இருக்க வேண்டும். இல்லையென்றால் பாகம் மாறியிருக்கலாம். நிக்கல் பூச்சு பிற்பாடு ஏறியதா என்பதைக் கடிதமே காட்டிக்கொடுக்கும்.