ஃபுல் ஃபேஸா, ஓப்பன் ஃபேஸா, ஃப்ளிப்-அப்பா? ஸ்கூட்டருக்கு நான் வாங்கிய ஹெல்மெட்

"ஸ்கூட்டர்தானே, ஊருக்குள்தானே, ஓப்பன் ஃபேஸ் போதும்" என்று ஆறு வருடம் ஓட்டியவன் நான். மதுரையில் திருநகரிலிருந்து வேலைக்குப் போய்வர ஒரு நாளைக்கு 22 கிலோமீட்டர். வேகம் 40-ஐத் தாண்டுவதே அபூர்வம். போன மாசி மாதம் பழங்காநத்தம் பக்கம் ஒரு திருப்பத்தில், யாரோ வீடு கட்டக் கொட்டிய மணல் ரோட்டுக்குப் பரவியிருந்தது. முன்சக்கரம் வழுக்கியது. முப்பதுக்கு மேல் போயிருக்க மாட்டேன். மண்டைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் முதலில் தரையில் பட்டது தாடை. வைசர், அதாவது முகத்துக்கு முன்னால் இருக்கும் கண்ணாடி மறைப்பு, கழன்று எங்கோ போய் விழுந்தது. தாடையில் ஐந்து தையல், கீழ் வரிசையில் ஒரு பல் பாதியாகிவிட்டது. அதற்குப் பிறகு வாங்கியது தாடையையும் மூடும் ஃபுல் ஃபேஸ்.

ஹெல்மெட் போட வேண்டுமா என்ற கேள்விக்குள் நான் போகவில்லை. 2015 ஜூலை 1 முதல் பின்னால் உட்காருபவரும் போட வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது, 2022 அக்டோபரிலிருந்து தமிழ்நாட்டில் அபராதம் 1,000 ரூபாய், இதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்துப் பார்க்கும் காக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வு ஒன்று, 61 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது, 2008-இல் வெளியானது. ஹெல்மெட் போட்டவர்களுக்கு மரண ஆபத்து 42 சதவீதமும், தலைக்காயம் 69 சதவீதமும் குறைகிறது என்றது. அதே மதிப்பாய்வு, எந்த வகை ஹெல்மெட் மற்றதைவிட நல்லது என்று முடிவு சொல்ல ஆதாரம் போதவில்லை என்றும் சொன்னது. அதனால் ஃபுல் ஃபேஸ் பக்கம் நான் பேசுவதை, தாடையில் தையல் போட்டவனின் கணக்காக எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஓப்பன் ஃபேஸ். காது, பின்மண்டை எல்லாம் மூடும், முகம் திறந்திருக்கும், முன்னால் ஒரு நீள வைசர். லேசானது, காற்று வரும், கடையில் நின்று பேசலாம், கண்ணாடி போட்டவர்களுக்குத் தொந்தரவில்லை. ஸ்கூட்டர் ஓட்டுபவர்களுக்கு இன்னொரு வசதி: சீட்டுக்கு அடியில் அடங்கும். ஆக்டிவாவின் 18 லிட்டர் இடத்தில் என் பழைய ஓப்பன் ஃபேஸ் சரியாக உட்கார்ந்தது. புதியது உள்ளே போகவில்லை, சீட் மூடவில்லை. ஜூபிடர் 125-இல் 33 லிட்டர் இருக்கிறது, அங்கே இந்தப் பிரச்சினை வராது. நான் இப்போது ஒரு கேபிள் பூட்டு வாங்கித் தாடைப் பகுதி வழியாகக் கோத்துப் பூட்டிவிட்டுப் போகிறேன். அது ஒரு வேலைதான், மறுக்கவில்லை.

மண்டைக்கு மேல் தொப்பி மாதிரி உட்காரும் அரை ஹெல்மெட்டைப் பற்றி ஒரே வரி: உள்ளே தெர்மாகோல் இல்லாமல் வெறும் பஞ்சு மட்டும் இருந்தால் அதைத் தலையில் வைக்காதீர்கள். அடியை வாங்கி நசுங்குவது அந்தத் தெர்மாகோல்தான்.

அடுத்து ஃப்ளிப்-அப். முன்பகுதி மேலே தூக்கிக்கொள்ளும். என் மச்சானுடையதை இரண்டு வாரம் வாங்கி ஓட்டிப் பார்த்தேன், அனுபவம் அவ்வளவுதான். பெட்ரோல் பங்கில் பேச, டீ குடிக்க, கண்ணாடி போட அருமையாக இருந்தது. எடை கூடுதல். வீட்டுத் தராசில் அது 1,640 கிராம், என்னுடைய ஃபுல் ஃபேஸ் 1,290. நாள் முழுக்க டெலிவரிக்கு ஓட்டுபவருக்குக் கழுத்து என்ன சொல்லும் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. எனக்கு அரை மணி நேரத்தில் பெரிதாகத் தெரியவில்லை. என்னைத் தடுத்தது வேறு. வெயில் ஏறியதும் முன்பகுதியைத் தூக்கி விட்டுக்கொண்டே ஓட்ட ஆரம்பித்தேன். அப்படி ஓட்டினால் அது கனமான ஓப்பன் ஃபேஸ்தான். ஐரோப்பிய ஈசிஇ தரம் பெற்ற ஃப்ளிப்-அப் வாங்குபவர்கள் தாடைப் பட்டையில் தைத்திருக்கும் லேபிளைப் பாருங்கள். 'பி/ஜே' (P/J) என்று இருந்தால் மூடிய நிலை, திறந்த நிலை இரண்டிலும் சோதித்தது. 'பி' (P) மட்டும் என்றால் மூடித்தான் ஓட்ட வேண்டும்.

சரி, ஃபுல் ஃபேஸ். தாடைக்கு முன்னால் ஒரு கவசம் இருக்கிறது, அது முதல் காரணம். ஸ்கூட்டரின் சக்கரம் 10 இன்ச், 12 இன்ச். பைக்கின் 17, 18 இன்ச் சக்கரம் ஏறிப் போய்விடும் பள்ளத்தில் இது உள்ளே இறங்கிவிடும். வேகம் குறைவாக இருந்தாலும் திடீரென்று முன்னால் கவிழ வாய்ப்பு அதிகம். கையை ஊன்றுவதற்குள் முகம் போய்விடுகிறது. தாடை பட்ட பிறகே கையை ஊன்றிய எனக்கு உள்ளங்கைத் தோலும் உரிந்தது, இப்போது கிளவுஸும் போடுகிறேன்.

ஆனால் மூன்றையும் வைத்துப் பார்த்து நான் முடிவு செய்தது தாடைக் கவசத்தை மட்டும் வைத்து இல்லை. உள்ளே இருக்கும் லைனிங்கைக் கழற்றித் துவைக்க முடியுமா என்பதை வைத்து.

இது சின்ன விஷயம் மாதிரித் தெரியும். என் பழைய ஓப்பன் ஃபேஸில் லைனிங் ஒட்டியே வந்தது. மதுரை வெயிலில் தலை வேர்க்கும், தேங்காய் எண்ணெய் வேறு. ஒரு வருடத்தில் வாடை. ஈரத்துணியால் துடைப்பேன், வெயிலில் வைப்பேன், இரண்டு நாளில் திரும்ப வந்துவிடும். அப்புறம் உள்ளே கைக்குட்டை கட்டிக்கொண்டு போட்டேன். கைக்குட்டை கட்டினால் ஹெல்மெட் தலையோடு பிடிக்காமல் வழுக்கும். தாடைப் பட்டை வேர்வையில் ஊறி விறைத்துக் கழுத்தை அறுக்கும், அதனால் ஒரு விரல் தளர்த்தினேன், பிறகு இரண்டு விரல். "தெருமுனைக் கடைக்குத்தானே" என்று ஹெல்மெட்டே இல்லாமல் போன நாட்களும் இருக்கின்றன. இதற்கிடையில் பஞ்சு நைந்து ஒல்லியாகிக்கொண்டே வந்தது. வாங்கும்போது இறுக்கமாக இருந்த ஹெல்மெட், நாலாவது வருடம் தலையை ஆட்டினால் தனியாக ஆடியது. விழுந்த அன்று எழுந்து பார்த்தபோது அது பின்னுக்குச் சரிந்து நெற்றி முழுக்கத் திறந்திருந்தது. நெற்றி பிழைத்தது அதிர்ஷ்டம்.

அதனால் இந்த முறை கடையில் முதலில் கேட்டது விலை இல்லை. "அண்ணே, இதுல லைனிங் கழட்டலாமா?"

"கழட்டலாம்ணே. யாரும் கழட்ட மாட்டாங்க" என்றார்.

அங்கேயே கழற்றிக் காட்டச் சொன்னேன். இரண்டு கன்னப் பேட், ஒவ்வொன்றிலும் மூன்று பிரஸ் பட்டன். உச்சித் துண்டு தனி. அதன் முன்னோரத்தில் ஒரு பிளாஸ்டிக் தகடு, நெற்றிப் பக்கம் ஒரு பள்ளத்தில் சொருகிக்கொள்ளும். பட்டனுக்குப் பக்கத்தில் விரலை விட்டு நெம்ப வேண்டும். துணியைப் பிடித்து இழுத்தால் பட்டனோடு தகடும் உடைந்து வரும். பார்க்கக் கஷ்டமாக இருந்தாலும் இரண்டாவது முறையே கை பழகிவிடும்.

சனிக்கிழமை ராத்திரி கழற்றி, வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு பாக்கெட் ஷாம்பு போட்டு அரை மணி நேரம் ஊறவைப்பேன். பிழியாமல் அமுக்க வேண்டும். முதல் தண்ணீர் டீ நிறத்தில் வரும். மூன்றாவது தண்ணீர் தெளிந்துவிடும். ஃபேனுக்குக் கீழே துண்டு விரித்து வைத்தால் ஞாயிறு மாலைக்குள் காய்ந்துவிடும். ஹெல்மெட் ஓட்டின் உட்புறத்தை ஈரத்துணியால் துடைத்தால் போதும். பெட்ரோல், தின்னர் எதுவும் கிட்டப் போகக்கூடாது, தெர்மாகோல் கரைந்துவிடும். சித்திரை, வைகாசியில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, மற்ற மாதங்களில் மாதம் ஒரு முறை. வாங்கி ஒரு வருடம் ஆகிறது. கைக்குட்டை இல்லாமல் போடுகிறேன், பட்டையை முழுசாக இறுக்குகிறேன், தெருமுனைக் கடைக்கும் போடுகிறேன். போட்டுக்கொள்ளத் தயக்கமே வராததால்தான் இது நடக்கிறது.

இன்னொன்று, கன்னப் பேட் தனியாகக் கிடைக்கிறதா என்று வாங்கும்போதே கேளுங்கள். எல்லா மாடலுக்கும் கிடைப்பதில்லை. கிடைத்தால், பஞ்சு நைந்ததும் அதை மட்டும் மாற்றி இறுக்கத்தைத் திரும்பக் கொண்டுவரலாம். கழற்றும் லைனிங் ஓப்பன் ஃபேஸிலும் ஃப்ளிப்-அப்பிலும் வருகிறது, மறுக்கவில்லை. நான் பார்த்த கடைகளில் 1,500 ரூபாயை ஒட்டி ஃபுல் ஃபேஸில்தான் அது எளிதாகக் கிடைத்தது.

அளவில் ஏமாந்துவிடாதீர்கள். புருவத்துக்கு ஒரு இன்ச் மேலே டேப் சுற்றி அளந்தால் எனக்கு 58 சென்டிமீட்டர். ஒரு கம்பெனியில் அது எம், இன்னொரு கம்பெனியில் எல். எழுத்தைப் பார்க்காமல் மில்லிமீட்டரைப் பாருங்கள். போட்டுக்கொண்டு பேசினால் கன்னத்தின் உட்பக்கம் பல்லில் லேசாகப் பட வேண்டும், அதுதான் புது ஹெல்மெட்டுக்குச் சரியான இறுக்கம். பட்டையைப் பூட்டிவிட்டுப் பின்னாலிருந்து மேல்நோக்கித் தள்ளச் சொல்லுங்கள். கழன்று முன்னால் வந்தால் வேண்டாம். ஐஎஸ்ஐ முத்திரைக்குக் கீழே உள்ள லைசென்ஸ் எண்ணை, முத்திரை கொடுக்கும் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் உண்மையா என்று தெரிந்துவிடும். 2021 ஜூன் 1 முதல் இந்த முத்திரை இல்லாமல் விற்கவே கூடாது. 300 ரூபாய்க்கு ரோட்டோரம் தொங்குவதிலும் முத்திரை ஒட்டித்தான் இருக்கும், அதனால்தான் எண்ணைச் சரிபார்க்கச் சொல்கிறேன்.

ஃபுல் ஃபேஸின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். ஐப்பசி மழையில் வைசர் உள்பக்கம் பனித்துப் போகிறது. சிக்னலில் ஒரு கிளிக் திறந்து வைத்துச் சமாளிக்கிறேன். கண்ணாடி போடுபவர்கள் கழற்றி, ஹெல்மெட் மாட்டி, மறுபடி கண்ணாடியைச் சொருக வேண்டும், தினமும் நாலு முறை. அவர்களுக்கு ஃப்ளிப்-அப் சரியாக இருக்கலாம், மூடி ஓட்டும் பழக்கம் இருந்தால்.

பெண்களுக்கு எப்படி என்பதில் என் மனைவி சொன்னதை மட்டும் சொல்ல முடியும். கொண்டை போட்டால் எந்த வகையும் சரியாக உட்காருவதில்லையாம். பின்னலைக் கழுத்துக்குக் கீழே இறக்கிக் கட்டினால் ஃபுல் ஃபேஸ் உட்காருகிறது. பூவை மட்டும் பையில் எடுத்துப் போய் இறங்கிய பிறகு வைத்துக்கொள்கிறாள். அவளுடையது 56 சென்டிமீட்டர். வெள்ளை நிறத்தில் அந்த அளவு இல்லை என்று கடைக்காரர் சொன்னதால், இரண்டு வாரம் காத்திருந்துதான் வாங்கினோம்.