வெல்டிங் ரேக்கா, போல்ட் ரேக்கா? உப்புக் காற்றில் எது நிற்கும்?

தூத்துக்குடியில் எங்கள் மளிகைக் குடோனில் இரண்டு வகையும் இருக்கின்றன. ஒரு சுவரில் பழைய போல்ட் ரேக், எதிர்ச்சுவரில் நான்கு வருடத்துக்குள் வெல்டிங் செய்து போட்ட இரண்டு ரேக்குகள். இனி போட்டால் வெல்டிங்தான்.

போல்ட் ரேக்கின் வசதி தெரிந்ததுதான்: ஸ்பானர் போதும், தட்டின் உயரத்தை மாற்றலாம், கழற்றிக்கொண்டு போகலாம். வாடகை இடமென்றால் யோசிக்காமல் அதையே வாங்குங்கள்.

எங்களுக்குத் தொல்லை உப்புக் காற்று. பழைய ரேக்கின் துளை ஆங்கிள் (வரிசையாகத் துளை போட்ட L வடிவச் சட்டம்) 2 மி.மீ. தகடுதான். போல்ட்டை முறுக்கும்போதே துளையைச் சுற்றிப் பெயிண்ட் உரிந்து, துரு அங்கிருந்து கிளம்புகிறது. அத்தனை துளைகளையும் யார் உட்கார்ந்து தேய்ப்பது? வெல்டிங்குக்கு 35×35×5 மி.மீ. ஆங்கிள் போட்டோம், மீட்டருக்கு 2.6 கிலோ. துரு கண்ட இடத்தில் தேய்த்து, ரெட் ஆக்சைடு என்ற துரு தடுக்கும் அடிப்பூச்சு அடித்து, மேலே எனாமல் கொடுத்தால் தீர்ந்தது.

ஆனால் முதல் ரேக்கில் மழைக்காலம் முடிவதற்குள் மூட்டுகளில் மட்டும் பழுப்பு வடிந்தது. வெல்டிங் ராடு உருகி மேலே கண்ணாடி போலப் படியும் கசடைத் தட்டாமலே பெயிண்ட் அடித்திருந்தார்கள். கசடு உதிர்ந்தபோது பெயிண்டும் கூடவே போனது. மூட்டின் பின்பக்கத்தைப் பற்றவைக்காமலும் விட்டிருந்தார்கள். அந்த இடுக்கில் ஈரம் புகுந்தால் பிரஷ் எட்டாது. இரண்டாவது ரேக்குக்குக் கூடவே நின்றேன். "பெயிண்ட் அடிச்சா மறைஞ்சிரும் அண்ணாச்சி" என்றார் வெல்டர். "மறைய வேண்டாம், தட்டி எடு தம்பி" என்றேன்.

முழு ரேக் கதவில் நுழையாது. பக்கச் சட்டங்களை ஏணி மாதிரி பட்டறையில் செய்துவிட்டு, குறுக்குச் சட்டங்களைக் குடோனில் பற்றவைத்தோம். முதலில் டேக் மட்டும், அதாவது அங்கங்கே சின்னப் பொட்டாகப் பற்றவைப்பது. மூலைக்கு மூலை டேப் பிடித்து இரண்டு அளவும் ஒத்த பிறகே முழு வெல்டிங். ஒரே பக்கமாக ஓட்டினால் சூட்டில் சட்டம் இழுத்துக்கொண்டு, ஒரு கால் தரையைத் தொடாமல் நிற்கும். அப்புறம், பொறி பறக்கும்முன் சாக்குகளை வெளியே எடுத்துவிடுங்கள்.

எங்கள் சுமை 25 கிலோ அரிசி மூட்டைகள். ஃபோர்க்லிஃப்ட் ஏற்றும் உயர ரேக்குகளில் எனக்கு அனுபவம் இல்லை, அதற்கும் இதையே சொல்ல மாட்டேன்.

விற்கப் போனால் போல்ட் ரேக்கை ரேக்காகவே வாங்குவார்கள், வெல்டிங் ரேக் எடைக்குத்தான் போகும். என்ன, 5 மி.மீ. இரும்பு, எடையாவது நிற்கும்.