சிவப்பு காலிப்பரைப் பார்த்து ஜிஆர் யாரிஸ் வாங்காதீர்கள்

இங்கிலாந்தில் பாவித்த டொயோட்டா ஜிஆர் யாரிஸ் தேடுகிறவர்கள் முன்பணம் கட்டுமுன் இதை வாசியுங்கள். ‘சர்க்யூட் பேக்’ (பந்தய ஓடுதளத்துக்கான கூடுதல் பாகத் தொகுப்பு) என்ற விளம்பரத்தை நம்பி ஒரு கார் விற்பனையாளரிடம் 26,500 பவுண்ட் கொடுத்தேன். என் வாசலில் நிற்பது கன்வீனியன்ஸ் பேக், அதாவது சொகுசு வசதித் தொகுப்பு.

2020இல் அறிமுகமான இந்தக் கார் இங்கே இரண்டு பேக்கிலும் விற்கப்பட்டது. இரண்டுக்கும் எஞ்சின் ஒன்றுதான்: 1.6 லிட்டர், மூன்று சிலிண்டர் டர்போ, 261 பிஎஸ். வித்தியாசம் அச்சுக்குள் இருக்கிறது. அச்சின் இடது வலது சக்கரங்களுக்கு எஞ்சின் விசையைப் பிரித்துக் கொடுப்பது டிஃப் (டிஃபரன்ஷியல்). சர்க்யூட் பேக்கில் முன்னும் பின்னும் டோர்சன் எல்எஸ்டி, ஒரு சக்கரம் சும்மா சுழல்வதைக் கட்டுப்படுத்தும் டிஃப். மற்றதில் இரண்டுமே அந்தக் கட்டுப்பாடு இல்லாத ஓப்பன் டிஃப். வெளியே கண்ணுக்குத் தெரிவது சிவப்பு காலிப்பரும் (சக்கரத்துக்குள் தெரியும் பிரேக் பிடி) ஃபோர்ஜ்டு அலாய் வீலும்தான். வீலை வாங்கி மாட்டலாம், காலிப்பருக்குப் பெயின்ட் அடிக்கலாம். என் காரில் இரண்டையும் செய்திருந்தார்கள். முன்கண்ணாடியில் வேகம் தெரியும் வசதியும் இருந்தது. அது கன்வீனியன்ஸ் பேக்கோடு வருவது. கூடுதலாகப் போட்டிருக்கிறார்கள் என்று நான் சந்தோஷப்பட்டேன். அங்கேயே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

தெரியவந்தது 41ஆம் நாள், பிராண்ட்ஸ் ஹாட்ச் கார்ப் பந்தய ஓடுதளத்தில், மழை ஈரத்தில். டிரூயிட்ஸ் என்பது மேட்டில் ஏறி வலப்பக்கம் திரும்பும் கொண்டை ஊசி வளைவு. அதிலிருந்து வெளியேறும்போது ஆக்சிலரேட்டரை மிதித்தால் வலது முன்சக்கரம் சும்மா சுழன்றது, கார் மூக்கை வெளியே நீட்டிக்கொண்டு அகலமாகப் போனது. டிராக்‌ஷன் விளக்கு (சக்கரம் வழுக்குவதைக் காட்டுவது) விடாமல் மினுங்கியது. அசல் சர்க்யூட் பேக் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் அன்று வந்திருந்தார். அவர் காரில் அதே வளைவில் மிதித்தபோது மூக்கு உள்பக்கம் இழுபட்டது, ஸ்டீயரிங் கையில் கொஞ்சம் இறுகியது, அவ்வளவுதான். பிறகு என் காரை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “அண்ணை, உதுக்குள்ள டோர்சன் இல்லை.”

விற்றவரிடம் கேட்டேன். நாலு சக்கரமும் இழுக்கிற காரில் அது இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்றார். இந்தப் பேச்சில்தான் ஆட்கள் ஏமாறுகிறார்கள். சுவிட்சைத் திருப்பி 60:40, 30:70, 50:50 என்று மாற்றுவது முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடையிலான எஞ்சின் விசையின் பங்கு. ஒரே அச்சின் இடது வலதுக்கு இடையில் அதற்கு வேலையே இல்லை. வளைவில் உள்பக்கச் சக்கரத்தின் மேல் பாரம் குறைகிறது. ஓப்பன் டிஃப் இரு பக்கமும் சம அளவு முறுக்குவிசைதான் கொடுக்கும். உள்சக்கரம் வழுக்கினால், அது தாங்கிய சொற்ப அளவே நல்ல பிடிப்போடு நிற்கும் வெளிச்சக்கரத்துக்கும் கிடைக்கும். டோர்சனில், உள்சக்கரம் வழுக்கி வேகமாகச் சுழலும்போது, பற்சக்கரங்களின் உராய்வால், மெதுவாகச் சுற்றும் வெளிச்சக்கரத்துக்குக் கூடுதல் பங்கு போகிறது. முன்னச்சில் அது காரை வளைவுக்குள் இழுக்கும், பின்னச்சில் காரைத் திருப்பிவிட உதவும். ஓப்பன் டிஃப் காரில் இந்த வேலையை பிரேக் செய்யப் பார்க்கிறது, சுழலும் சக்கரத்தைப் பிடித்துப் பிடித்து. தெருவில் அது போதும். ஓடுதளத்தில் நாலைந்து சுற்றிலேயே பிரேக் கருகும் வாசனை வந்தது.

ஜாக்கி போட்டு ஒரு சக்கரத்தைக் கையால் சுற்றி, மற்றது எதிர்ப்பக்கம் சுற்றினால் ஓப்பன் டிஃப் என்பார்கள். அதை நம்பாதீர்கள். பாரம் இல்லாதபோது டோர்சனும் எதிர்ப்பக்கம் சுற்றக்கூடும். நான் இந்தச் சோதனையைச் சொன்னபோது விற்றவரும் அதைத்தான் பதிலாகச் சொன்னார். அந்த ஒன்று உண்மை. ஆகவே சேஸி எண்ணைக் கொடுத்து, எந்த டிஃப் போட்டு வந்த கார் என்று டொயோட்டா பாகங்கள் பிரிவில் கேளுங்கள். நான் அதைக் காசு கொடுத்த பிறகுதான் செய்தேன்.

2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, சொன்னதுபோல் இல்லாத காரை 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கலாம். எனக்கு அந்த நாள் கடந்துவிட்டது. இனி முதலில் சரிசெய்து தரச் சொல்லித்தான் கேட்க முடியும். முன்பணம் 500 பவுண்டை கிரெடிட் கார்டில் கட்டியிருந்தேன். காரின் விலை 30,000 பவுண்டைத் தாண்டாததால், 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவில் கார்டு நிறுவனமும் முழுத் தொகைக்கும் பொறுப்பு. விளம்பரத்தை விற்றவர் எடுத்துவிட்டார். முன்பணம் கட்டிய இரவே அதை நான் படம்பிடித்து வைத்திருந்தேன். ‘சர்க்யூட் பேக்’ என்ற சொல் அதில் தெளிவாக இருக்கிறது. அந்தப் படத்தோடு கார்டு நிறுவனத்துக்கு எழுதிவிட்டேன். வெளியாள் ஒருவரின் பரிசோதனை அறிக்கை வேண்டும் என்கிறார்கள், அடுத்த செவ்வாய் கார் அதற்காகப் போகிறது.