சாரல் ஊரில் கார்பெட்டும் கடுவன் பூனையும்

செங்கோட்டை மாதிரி ஊரில் தரைக்கு கார்பெட் போடுவதே கொஞ்சம் அதிகப்படிதான். ஜூன் பிறந்து ஆரியங்காவு பக்கமிருந்து சாரல் காற்று வந்துவிட்டால் துவைத்த துண்டே லேசில் காயாது. துபாயிலிருந்து அத்தான் கொண்டுவந்த சிந்தெடிக் கார்பெட்டையும் ஒரு கடுவன் பூனையையும் பல சாரல் சீசன்களாக ஒரே ஹாலில் வைத்துச் சமாளித்து வருகிறேன். கார்பெட்டில் பூனை பெய்த மூத்திர வாடையைப் போக்க எது உதவியது, எது உதவவில்லை என்பதுதான் இங்கே விஷயம்.

பூனை மூத்திரத்தில் உள்ள யூரியாவை பாக்டீரியா உடைக்கும்போது வருகிற அமோனியாதான் சுள்ளென்று மூக்கில் ஏறுகிறது. யூரிக் அமிலம் தண்ணீரில் லேசில் கரையாது, படிகமாக நாரில் ஒட்டிக்கொள்ளும். ஏப்ரல் வெயிலில் வாடை போய்விட்டது போலிருக்கும். ஈரக்காற்று பட்டதும் மறுபடி கிளம்பும். அதனால் சாரலில் முகர்ந்து பார்த்துத் தேறியதை மட்டும்தான் சொல்கிறேன்.

அதிகம் உதவியது காசில்லாத பொருள்: பழைய வேட்டி. ஈரம் காய்வதற்குள் நாலாக மடித்துப் போட்டு அதன்மேல் ஏறி நிற்க வேண்டும். தேய்த்தால் மூத்திரம் அடிப்பக்கம் வரை இறங்கிவிடும். மடிப்பு மஞ்சளாக நனைந்ததும் காய்ந்த பக்கத்தைத் திருப்பிப் போட்டு மறுபடி நிற்க வேண்டும். அப்புறம் கொஞ்சம் பச்சைத்தண்ணீர் தெளித்து அதையும் ஒற்றி எடுத்துவிடுவேன். குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினால் நம்ம ஊரில் மூத்திர வாடையோடு பூஞ்சை வாடையும் சேர்ந்துகொள்ளும்.

புதுக் கறைக்கு வினிகரும் தண்ணீரும் சம அளவு. அமோனியாவின் காரத்தை வினிகரின் அமிலம் அடக்கிவிடும். காய்ந்த பிறகு ஆப்பசோடா தூவி, ராத்திரி விட்டு, காலையில் பிரஷ்ஷால் தட்டி எடுப்பேன். இரண்டும் சேர்ந்து 100 ரூபாயைத் தாண்டாது. இரண்டையும் ஒன்றாகக் கொட்டி நுரை பொங்க வைக்கும் வீடியோக்களை நம்ப வேண்டாம். அமிலமும் காரமும் ஒன்றையொன்று தீர்த்துவிட்டு ஒருவகை உப்புத்தண்ணீர்தான் மிஞ்சும்.

பழைய கறைக்கு இது போதாது, கறையைச் சிதைக்கும் என்சைம் (நொதி) கலந்த திரவம்தான் வேண்டும். விலை கூடுதல் என்பதால் கறை இருக்கும் இடம் தெரிந்து ஊற்றுவதுதான் லாபம். ரூபாய் நோட்டைச் சோதிக்கிற ஊதா டார்ச்சை ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு அடித்தால் மூத்திரம் பட்ட இடம் வெளிறிய மஞ்சளாகத் தெரியும். ஹால் நடுவில்தான் வாடை என்று நினைத்திருந்தோம். டார்ச் அடித்தால் சோபாக் கால் ஓரம் முழுக்கத் திட்டுத்திட்டாக மின்னியது! அந்த இடங்களில் மட்டும் ஊற்றி, சீக்கிரம் காயாமல் ஈரத்துணி போட்டு மூடினேன். என்சைம் வேலை செய்ய நேரமும் ஈரமும் வேண்டும். கம்பளி விரிப்பு என்றால் புரதத்தைத் தின்னும் என்சைம் நாரையே கெடுக்கும். பாட்டிலில் கம்பளிக்கு ஆகும் என்று போட்டிருக்கிறதா பாருங்கள்.

மெடிக்கலில் கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடை ஓரத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன், சிவப்பு வெளுத்தது. அத்தோடு சரி.

“ஒரு மூடி பினாயில் ஊத்துனா முடிஞ்சுது, இதுக்குப் போய் இவ்வளவு பாடா?” என்றார் மைனி. பினாயிலில் உள்ள ஃபீனாலைப் பூனையின் ஈரலால் சரியாக வெளியேற்ற முடியாது. மிதித்த பாதத்தை நக்கினாலே விஷம். பிளீச்சிங் பவுடரும் கூடாது. மூத்திரத்து அமோனியாவோடு சேர்ந்து நெஞ்சை அடைக்கும் வாயு வரும்.

காய வைப்பதுதான் பெரும்பாடு. மொட்டைமாடியை நம்ப முடியாது. இரண்டு பிளாஸ்டிக் ஸ்டூல் மேல் கார்பெட்டைத் தூக்கிப் போட்டு, அடிப்பக்கம் காற்று படுகிற மாதிரி டேபிள் ஃபேன் வைக்கிறோம். மேலே தொட்டுப் பார்த்து ஏமாறக் கூடாது. அடித்துணி காய்ந்திருக்க வேண்டும்.

கடுவனுக்குக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்த பிறகு சுவரிலும் சோபாவிலும் பீய்ச்சுவது ரொம்பவே குறைந்துவிட்டது. மணல் தட்டில் ஒழுங்காகப் போன பூனை திடீரென்று கண்ட இடத்தில் போனால் கறையைவிட முதலில் பூனையைக் கவனியுங்கள். அதுவும் கடுவன் முக்கிமுக்கி மூத்திரம் வராமல் உட்கார்ந்திருந்தால் மறுநாள் பார்க்கலாம் என்று இருக்காமல் அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.